வலி போன பிறகு

தை பிறந்து நான்காம் நாள். புவனகிரிக்கு வெளியே, வெள்ளாற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊரில் இரவுக் கபடி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த திடலைக் கொத்தி, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். நான்கு மூலையிலும் கம்பம் நட்டு விளக்கு. பாடிப் போன பையனுக்கு இருபது வயது இருக்கும். போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஓரத்தில் நின்ற பிடிகாரன் பாய்ந்தான். பையன் எகிறித் தப்பினான். தப்பியவன் இறங்கியது இன்னொருவனின் பாதத்தின் மேல். பையனின் பாதம் உள்பக்கமாக மடங்கியது.

அதன் பிறகு நடந்தது கபடி பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த காட்சி. ஒருவர் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துச் சொடுக்கு எடுத்தார். ஒருவர் ஸ்பிரே அடித்தார். பெரியவர் ஒருவர், “காலால பொறந்தவன் யாராவது இருந்தா மிதிக்கச் சொல்லுங்கப்பா” என்றார். கடைசியில் கிரேப் பேண்டேஜைச் சுற்றி எழுப்பி நிறுத்தினார்கள். “வலி வுட்டுடுச்சுண்ணே, நாளைக்கு ஆடிடலாம்” என்றான் பையன். மறுநாள் அரையிறுதியில் ஆடவும் செய்தான். பத்து நாளில் வீக்கம் வடிந்தது, வலியும் போனது.

அடுத்த பொங்கலுக்குள் அதே கால் மூன்று தடவை மடங்கிவிட்டது. ஒரு தடவை கபடிக்களத்தில்கூட இல்லை. பேருந்துப் படியிலிருந்து இறங்கும்போது. “ராசியில்லாத காலுண்ணே” என்றான் என்னிடம்.

ராசி இதில் எதுவும் செய்யவில்லை. ஒருமுறை சுளுக்கிய கரண்டைக்கால் மறுபடி மறுபடி ஏன் சுளுக்குகிறது என்பது மருத்துவம் வெகுநாள் தேடிய கேள்வி. அதற்குக் கிடைத்த பதில் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்ப்பட்டையை நாம் ஜவ்வு என்கிறோம். தசையை எலும்போடு இணைக்கும் கயிற்றுக்குத் தசைநாண் என்று பாடப்புத்தகப் பெயர் உண்டு. ஊரில் அதை ‘நரம்பு’ என்றே சொல்வார்கள். உண்மையில் நரம்பு என்பது செய்தி கடத்துகிற கம்பி. ஜவ்வும் தசைநாணும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. அந்தப் புரதத்தின் அமைப்பு அப்படியே கயிறு திரிப்பதுதான்: மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி ஒரு புரி, பல புரிகள் சேர்ந்து ஒரு நார், பல நார்கள் சேர்ந்து ஒரு கட்டு. தளர்வாக இருக்கும்போது இந்த நார்கள் நெளிநெளியாகக் கிடக்கும். இழுத்தால் முதலில் நெளிவு நிமிரும், பிறகு நார் விறைக்கும், அதற்கும் மேலே இழுத்தால் ஒவ்வொன்றாக அறும். கரண்டையின் வெளிப்புறத்தில் முன்பக்கமாக ஓடும் ஒரு மெல்லிய ஜவ்வுதான் பெரும்பாலான சுளுக்கில் முதலில் அறுவது. அந்தப் பையனுக்கும் வீக்கம் அங்கேதான் எழும்பியிருந்தது.

அறுந்த இடத்தில் உடல் உடனே வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதல் சில நாட்கள் ரத்தமும் நீரும் தேங்கி வீங்கும்; வெள்ளணுக்கள் வந்து சிதைந்ததை அள்ளி அகற்றும். அடுத்த சில வாரங்களில் அவசர அவசரமாகப் புதிய கொலாஜன் போடப்படும். இது முதல் தரக் கொலாஜன் இல்லை, மெல்லியது. களத்தில் உதறிப் போட்ட வைக்கோல் மாதிரி எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும். அதைக் கலைத்து, தடிமனான நாராக மாற்றி, இழுவை வருகிற திசையில் வரிசையாகத் திரிப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும். சில ஜவ்வுகளுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். எந்தத் திசையில் திரிக்க வேண்டும் என்று உடல் எப்படித் தெரிந்துகொள்கிறது? நாம் காலை அசைக்கும்போது அந்த நார்மேல் விழும் இழுவையிலிருந்துதான். நார்களுக்குள் இருக்கும் உயிரணுக்கள் இழுக்கப்படுவதை உணர்ந்து, அந்தத் திசையில் புது நாரை நெய்கின்றன. அசைவே வராவிட்டால் வைக்கோல் வைக்கோலாகவே கெட்டிப்படும். வைக்கோலாக இருக்கும்போதே முழுப் பாரத்தையும் போட்டால் மறுபடி அறும்.

வலியோ இரண்டாவது வாரத்திலேயே கிளம்பிவிடுகிறது. வலி போவதும் புண் ஆறுவதும் வேறு வேறு நாட்காட்டியில் நடக்கின்றன. விளையாட்டுக் காயங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்று என்னிடம் சொன்னால், இதைத்தான் சொல்வேன்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் என்ன செய்வது என்பதிலும் மருத்துவம் தன் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, கால் உயர்த்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-ல் ஒரு சூத்திரமாகச் சொன்னவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் அதை மந்திரம் போல ஒப்பித்தார்கள். 2014-ல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். வீக்கம் என்பது பழுதுபார்க்க வந்த கூட்டம். அதை முழுக்க விரட்டினால் வேலை நிற்கும். வலியைத் தாங்க முடியாவிட்டால் துணியில் சுற்றிய ஐஸைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பதில் தவறில்லை. ஆனால் அது வலிக்கான மருந்து, ஜவ்வுக்கானது இல்லை. நாம் கட்டாயம் விடவேண்டியது ஒன்று உண்டு: அடிபட்ட அன்றே எண்ணெய் போட்டு உருவி விடுவது. அறுந்து கசிந்துகொண்டிருக்கும் சிறு ரத்தக்குழாய்களைத் தேய்த்துத் திறந்துவிடுகிற வேலை அது. மஞ்சளும் புளியும் குழைத்துப் பற்றுப் போடும் பாட்டிகளோடு எனக்குச் சண்டையில்லை. பற்று காயும்வரை பேரன் ஓடாமல் உட்கார்ந்திருக்கிறான் அல்லவா, அதுவே பாதிப் பலன்.

எலும்பு முறிந்திருக்குமோ என்ற பயத்துக்கும் ஒரு எளிய வழி இருக்கிறது. 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் அவர் குழுவும் வகுத்த விதி. அடிபட்ட உடனேயும், பிறகு மருத்துவர் பார்க்கும்போதும், நொண்டியாவது நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா? கரண்டையின் இருபக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பிலும் நுனியிலும் விரலால் அழுத்தினால் வலி இல்லையா? பாதத்தின் வெளிவிளிம்பு நடுவில் துருத்தும் எலும்பிலும், உள்பக்க வளைவின் மேலுள்ள எலும்பிலும் வலி இல்லையா? நான்கு அடி நடக்கவும் முடிந்து, இந்த இடங்களில் வலியும் இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஒன்றில் தவறினாலும் எக்ஸ்ரே. கபடிக்களத்தில் நிற்கிற யாரும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது இது.

இனி அந்த மூன்று தடவைக் கதைக்கு வருகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவீர்கள். இருட்டில் மாடிப்படி இறங்குகிறோம். பாதம் எத்தனை சாய்ந்திருக்கிறது, முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று பார்க்காமலே தெரிகிறது. காரணம், நம் தசைகளிலும் தசைநாண்களிலும் ஜவ்வுகளிலும் இழுவையை அளக்கும் நுண்ணிய உணர்வுறுப்புகள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு கணமும் அவை மூளைக்குச் சேதி அனுப்புகின்றன: இந்தப் பக்கம் இறுகுகிறது, அந்தப் பக்கம் தளர்கிறது. ஜவ்வு என்பது கட்டும் கயிறு மட்டுமல்ல, மூட்டின் கண்ணும் அதுவே. ஜவ்வு கிழியும்போது அந்தக் கண்ணும் சேர்ந்து பழுதாகிறது. நார் மறுபடி வளர்ந்தாலும் பார்வை தானாகத் திரும்பி வருவதில்லை. வலி இல்லாத, வீக்கம் இல்லாத, ஆனால் தான் எங்கே சாய்கிறோம் என்று சரியாகத் தெரியாத கால் ஒன்றை வைத்துக்கொண்டுதான் அந்தப் பையன் பேருந்துப் படியிலிருந்து இறங்கினான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுவரோரம் நின்று ஒரு காலைத் தூக்குங்கள். கண்ணை மூடுங்கள். ஊன்றிய காலின் கரண்டையைக் கவனித்தால் அது சும்மா நிற்கவில்லை என்பது தெரியும். உள்ளேயும் வெளியேயும் நடுங்கி நடுங்கித் திருத்திக்கொண்டே இருக்கும். பாதத்தின் அடியில் நார்கள் முறுக்கிக்கொள்ளும், விரல்கள் தரையைப் பற்றும். முன்பு சுளுக்கிய காலில் இதைச் செய்தால் நடுக்கம் கூடுதலாக இருக்கும், சீக்கிரம் கால் ஊன்றிவிடுவீர்கள். அந்தப் பையனை நிற்கச் சொன்னேன். நல்ல காலில் அரை நிமிடம் நின்றவன், அடிபட்ட காலில் ஆறு எண்ணுவதற்குள் தடுமாறினான். அவனுக்கே அதிர்ச்சி. “வலியே இல்லண்ணே, ஆனா நிக்க மாட்டேங்குது.”

இதற்கான வைத்தியம் அந்தச் சோதனைதான். ஒற்றைக் காலில் நிற்பது. பிறகு கண்ணை மூடி நிற்பது. பிறகு மடித்த போர்வைமேல் நிற்பது. பிறகு நின்றபடி பந்தைப் பிடித்து எறிவது. நெதர்லாந்தில் கரண்டை சுளுக்கிய 522 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் எட்டு வாரம் வீட்டிலேயே செய்யும்படி இப்படியான சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். 2009-ல் வெளியான முடிவு: அடுத்த ஒரு வருடத்தில் பயிற்சி செய்யாதவர்களில் 33 விழுக்காட்டினருக்கு மறுபடி சுளுக்கு; செய்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கு. மருந்து இல்லை, கருவி இல்லை, செலவு இல்லை.

ஆனால் இங்கே ஒரு புதிர் இருக்கிறது. கரண்டை திடீரென்று மடங்கும்போது, மூட்டின் கண் அதைப் பார்த்து, சேதி தண்டுவடத்துக்குப் போய், காலை வெளிப்பக்கம் இழுக்கும் தசை சுருங்கத் தொடங்க ஏறக்குறைய 60 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவை ஜவ்வு, அதாவது எல்லோரும் ஏசிஎல் என்கிறார்களே அது, எப்போது அறுகிறது என்று நார்வே ஆய்வாளர்கள் காயம் நடந்த கணத்தின் வீடியோக்களை நுணுக்கமாகப் பகுத்துக் கணக்கிட்டார்கள். பாதம் தரையில் பட்டு சுமார் 40 மில்லி விநாடியில். கண் இமைக்கிற நேரத்தில் பாதிகூட இல்லை. அப்படியென்றால் அனிச்சைச் செயல் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிறகு பயிற்சி எப்படிக் காப்பாற்றுகிறது?

உடல் எதிர்வினைக்காகக் காத்திருப்பதில்லை, முன்கூட்டியே ஊகிக்கிறது. பாதம் தரையைத் தொடும் முன்பே தசைகள் இறுகத் தொடங்கிவிடுகின்றன. இந்தத் தரை எப்படி இருக்கும், எந்தக் கோணத்தில் இறங்குவோம், எவ்வளவு பாரம் வரும் என்று மூளை பழைய அனுபவத்திலிருந்து கணித்து, மூட்டை ஏற்கெனவே கெட்டிப்படுத்தி வைக்கிறது. பயிற்சி வளர்ப்பது இந்த முன்னறிவை. காயம் கெடுப்பதும் இதைத்தான்.

கபடியில் முட்டிக்கு வரும் ஆபத்து இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. பாடிப் போனவன் பின்வாங்கிக்கொண்டே சட்டென்று நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறான். பாதம் தரையில் ஊன்றியிருக்கிறது, உடல் திரும்புகிறது. அதே கணத்தில் ஒருவன் கணுக்காலைப் பிடித்துவிட்டால் பாதம் பூட்டப்பட்டுவிடும். திருகல் முழுக்க முட்டிக்கு வரும். முட்டி உள்பக்கம் சரியும். சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் உள்ள ஒரு ஜவ்வு அதைத் தாங்க வேண்டும். இளைஞர்களின் முன்சிலுவை ஜவ்வு 2,000 நியூட்டனுக்குச் சற்று மேல், அதாவது இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையின் இழுவையைத் தாங்கும். அதற்கும் மேலே போனால், காது கேட்க ‘டப்’ என்ற சத்தம். பலரும் அந்தச் சத்தத்தைச் சொல்வார்கள். சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கினால் உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று பொருள். அதைச் சுளுக்கு என்று கடந்துபோகக் கூடாது.

கரண்டை ஜவ்வு ஆறுவது போல இது ஆறுவதில்லை. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீர், அறுந்த முனைகளுக்கு நடுவில் ரத்தம் உறைந்து பாலம் கட்டவிடாமல் கரைத்துவிடுகிறது. அதனால் பெரும்பாலும் புது ஜவ்வு வைக்கிறார்கள். நோயாளியின் பின்தொடைத் தசைநாணிலிருந்தோ முட்டிச்சில்லின் கீழிருந்தோ ஒரு துண்டை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். நான் படித்து அசந்துபோன விஷயம் அதற்குப் பிறகு நடப்பது. பொருத்திய துண்டுக்கு முதலில் ரத்த ஓட்டம் கிடையாது. அதிலிருந்த உயிரணுக்கள் மெல்ல மடிகின்றன. பிறகு உடல் புது ரத்தக்குழாய்களை அனுப்பி, புது உயிரணுக்களைக் குடியேற்றி, தசைநாணாக இருந்ததை ஜவ்வாக மாற்றி எழுதுகிறது. இந்த மாற்றத்தில் ஒட்டு மிகவும் பலவீனமாக இருப்பது வைத்த அன்று இல்லை. ஒன்றரை மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் நடுவில். சரியாக அந்தச் சமயத்தில்தான் வலி போய், நொண்டல் நின்று, பையன்கள் “சரியாப் போச்சு” என்று களத்தை எட்டிப் பார்க்கிறார்கள்.

2016-ல் வெளியான ஒரு நார்வே–அமெரிக்க ஆய்வு இதை எண்ணாக்கிக் காட்டியது. ஏசிஎல் ஒட்டு வைத்த 106 பேரைப் பின்தொடர்ந்ததில், ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயத்தின் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இன்னொரு ஆய்வு சுவீடனிலிருந்து: ஏசிஎல் அறுந்த 121 இளைஞர்களில் பாதிப் பேருக்கு உடனே அறுவை, மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. ஐந்து ஆண்டு கழித்து இரு குழுவினரின் முட்டியும் ஏறக்குறைய ஒரே நிலையில். இரண்டாவது குழுவில் சுமார் பாதிப் பேருக்கு அறுவையே தேவைப்படவில்லை. வெட்டித் திரும்பி ஆடும் கபடிக்காரருக்கு அறுவை வேண்டியிருக்கலாம்தான். ஆனால் கத்தி வைத்தாலும் வைக்காவிட்டாலும் மாதக்கணக்கான பயிற்சியிலிருந்து தப்ப முடியாது. ரியோ ஒலிம்பிக்கில் முட்டியில் காயம்பட்டு ஸ்ட்ரெச்சரில் போன மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். இரண்டு காட்சியையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நடுவில் இருந்த இரண்டு வருடப் பயிற்சியை யாரும் ஒளிபரப்பவில்லை.

கட்டுப் போடுவதைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருத்தி முழங்கால் ஜவ்வுக்கு அறுவை செய்துகொண்டாள். பிறகு போடப்பட்ட கட்டு இறுகி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலை எடுக்க நேர்ந்து, கடைசியில் உயிரும் போயிற்று. கவனக்குறைவு நடந்தது என்று அரசே ஒப்புக்கொண்டது. ஒரு குழந்தை ஓட ஆசைப்பட்டுப் போய் இப்படி முடிந்ததை நினைத்தால் இன்றும் ஆறவில்லை. அதே தவறு களத்தோரம் சுற்றும் கிரேப் பேண்டேஜிலும், மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் நாட்டுக் கட்டிலும் நடக்கக்கூடும். கட்டிய பிறகு கால்விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல் சில்லிட்டால், மரத்தால், நீலம் பாய்ந்தால், அல்லது அடிக்குச் சம்பந்தமில்லாத அளவுக்கு வலி ஏறிக்கொண்டே போனால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கட்டை உடனே அவிழ்த்து, அந்த ராத்திரியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசைக்கு ரத்தமில்லாமல் தாங்கும் நேரம் சில மணிகள்தான்.

திடீரென்று வரும் காயம் ஒரு வகை. மெல்லச் சேர்ந்து வருவது இன்னொரு வகை. திருவிளையாடலில் ஒரு கதை உண்டு. எல்லாக் கலையும் கற்ற பாண்டியன் கடைசியாக நடனம் கற்கிறான். கால் கடுக்கிறது. அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது, காலம் காலமாக ஒரே காலை ஊன்றி ஆடுகிறவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று. கால் மாறி ஆட வேண்டுகிறான். மதுரை வெள்ளியம்பலத்தில் நடராசர் வலது பாதம் தூக்கி நிற்பது அதனால்தான் என்பார்கள். சிதம்பரத்தில் தூக்கியது இடது பாதம். ஒரே இடத்தில் ஓயாமல் விழும் பாரம் வலிக்கும் என்பதை ஆடிப் பார்த்தவனே அறிந்தான் என்பது எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம்.

குதிகாலுக்கு மேலே, கெண்டைக்கால் தசை முடிந்து ஒரு தடித்த கயிறாக இறங்குகிறதே, அதுதான் இப்படி ஓயாப் பாரம் வாங்குகிற தசைநாண். ஓடும்போது உடல் எடையைப் போல் ஆறு மடங்குக்கு மேல் அதன்மேல் விழும். அறுபது கிலோ ஆளுக்கு ஒவ்வொரு எட்டுக்கும் முந்நூற்று அறுபது கிலோ. இந்தக் கயிறு எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது? தோல் வாரக்கணக்கில் மாறுகிறது. எலும்புகூட மெல்ல மாறுகிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் அணுகுண்டை வைத்து இதை அளந்தார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 பெருகி, ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963-ல் தடை ஒப்பந்தம் வந்த பிறகு மெல்லக் குறைந்தது. அந்தந்த வருடம் உண்ட உணவு வழியே அந்த முத்திரை உடலில் பதியும். இறந்த 28 பேரின் குதிகால் தசைநாணை எடுத்து அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். அதன் உட்பகுதி, பதினேழு வயதுவரை உருவானதோடு சரி. அறுபது வயதில் நடப்பவரும் தன் பள்ளிக்கூட நாளில் திரிக்கப்பட்ட அதே கயிற்றில்தான் நடக்கிறார்.

இதைப் படித்த நாளிலிருந்து, பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது.

அந்தக் கயிறு நாள்பட வலிக்கத் தொடங்கினால் என்ன செய்வது? ஓய்வெடுத்தால் வலி அடங்கும், ஓடினால் திரும்பும். விடை கிடைத்த கதை விசித்திரமானது. சுவீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் எலும்பு மருத்துவர், ஓடுகிறவரும்கூட. அவருக்கே குதிகால் தசைநாண் வலி. அறுவை செய்யச் சொல்லி மேலதிகாரியைக் கேட்டார்; மேலதிகாரி மறுத்துவிட்டார். அறுந்துபோனால் அறுவை செய்துதானே ஆகவேண்டும் என்று, படியின் விளிம்பில் நின்று, வலிக்க வலிக்கக் குதிகாலைக் கீழே இறக்கி இறக்கித் தன் தசைநாணை அறுக்கப் பார்த்தார். அது அறவில்லை. வலி போய்விட்டது. 1998-ல் பல மாதங்களாக வலியோடு இருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு அதையே பன்னிரண்டு வாரம் கொடுத்தார். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். முட்டியை நீட்டி மூன்று முறை பதினைந்து, சற்று மடக்கி மூன்று முறை பதினைந்து, நாளைக்கு இரண்டு வேளை. இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கிற காலால் மெல்ல இறங்க வேண்டும். பழுதான பகுதி பழுதாகவே இருந்தாலும், பாரம் பழகப் பழக அதைச் சுற்றி நல்ல நார் பெருகித் தாங்கிக்கொள்கிறது. குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்ய வேண்டும்.

இனி, காயம் வராமல் தடுப்பதைப் பற்றி. ஆட்டத்துக்கு முன் காலை நீட்டிப் பிடித்து இழுப்பதுதான் தயாரிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரிடம் சோதித்தார்கள். அப்படி இழுத்தவர்களுக்கும் இழுக்காதவர்களுக்கும் காயத்தில் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. பலன் தருவது வேறு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா வகுத்த ‘11+’ என்ற இருபது நிமிடத் தயாரிப்பை நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையுள்ள 1,892 சிறுமிகளிடம் ஒரு பருவம் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். காயங்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாயின. அதில் இருப்பவை மெதுவோட்டம், ஒற்றைக்கால் நிலை, உட்கார்ந்து எழல், குதித்து இறங்கல், திடீர்த் திருப்பம், இவ்வளவுதான். குதித்து இறங்கும்போது ஒரே ஒரு கட்டளை: முட்டி மடங்கி, கால்விரல் நோக்கும் திசையிலேயே நிற்க வேண்டும், உள்பக்கம் சரியக் கூடாது. பெண்களுக்கு ஏசிஎல் அறும் ஆபத்து ஆண்களைவிட அதிகம் என்பதால் அவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

இதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது தில்லைக் கோயில் கோபுர வாயிலின் உட்சுவர். நாட்டிய சாஸ்திரத்தின் கரணங்களைக் கல்லில் வடித்த அந்த வரிசையில், ஆடும் பெண்களின் முட்டிகள் பெரும்பாலும் வெளித்திரும்பி, பாதத்தின் திசையிலேயே மடங்கியிருக்கும். அரைமண்டியில் நிற்கிற பிள்ளையை நட்டுவனார் தட்டித் திருத்துவதும் அதே முட்டியைத்தான்.

பின்தொடைத் தசைக் கிழிவுக்கும் ஒரு பயிற்சி உண்டு. முட்டிபோட்டு நிற்க வேண்டும். பின்னால் ஒருவர் இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி முடிந்த மட்டும் மெதுவாக முன்னால் சாய வேண்டும். டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களிடம் சோதித்தபோது, செய்யாத குழுவில் 52 பின்தொடைக் காயங்கள், செய்த குழுவில் 15. கணுக்காலைப் பிடிக்க நம் பையன்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் நான் பார்க்கிற குறை இதுதான். வேனில் மூன்று மணி நேரம் நெருக்கி உட்கார்ந்து வருகிறார்கள். தங்கள் முறைக்காகப் பனியில் காத்திருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு மைக்கில் பெயர் கேட்டதும் சட்டையைக் கழற்றிவிட்டு நேராகக் கோட்டுக்குள் ஓடுகிறார்கள். மண்ணில் வெறுங்காலோடு பழகியவர்கள், மேட் விரித்த போட்டிக்குப் போனால் ஷூவோடு ஆடுகிறார்கள். மண்ணில் திரும்பும்போது பாதம் கொஞ்சம் வழுக்கி முட்டியைக் காப்பாற்றும், மேட் பிடித்துக்கொள்ளும். நார்வேயில் ஹேண்ட்பால் ஆடிய பெண்களிடம், அதிகமாகப் பிடிக்கும் செயற்கைத் தரையில் ஏசிஎல் காயம் மரத்தரையைவிடக் கூடுதலாக இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். புதுத் தரைக்கு உடலின் முன்னறிவு பழகச் சில வாரமாவது வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் இருபது நிமிடம் விட்டு அடுத்த அணியை முன்கூட்டியே அழைப்பதற்கு விழாக்குழுவுக்குப் பைசா செலவில்லை.

சென்ற மாசியில் அந்தப் பையனைத் தெருக்குழாயடியில் பார்த்தேன். காலை ஆறு மணி. வாயில் பிரஷ், ஒரு கால் தூக்கியிருந்தது, கண் மூடியிருந்தது. ஊன்றியிருந்தது அந்த ராசியில்லாத கால். குடத்தோடு நின்ற அவன் அம்மா, “பைத்தியம் புடிச்சிருக்கு இதுக்கு” என்றார். அவன் கண்ணைத் திறக்காமல் கையைக் காட்டி, பேசாதே என்றான். கரண்டை நடுங்கியது, விரல்கள் ஈரச் சிமெண்டைப் பற்றின, நின்றது, மறுபடி நடுங்கியது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தி நாலில் கால் ஊன்றினான்.

“இந்த வருசம் ஆடலண்ணே,” என்றான் வாயைக் கொப்பளித்துவிட்டு. “ஆடிக்குப் பாக்கலாம்.”